தாடைக்குப் போடும் பொட்டொக்ஸ் ஊசி: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரத்தில் ஒரு பல் கிளினிக்கில் இருக்கிறேன். தாடை வலி, நித்திரையில் பல் நெருமுதல் (பல்லோடு பல்லைக் கடித்து அரைப்பது) என்று வந்து உட்காருகிற பலர், நான் வாயைப் பார்க்கும் முன்னரே போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டுகிறார்கள். "இந்த ஊசியைப் போட்டால் சரிதானே டொக்டர்?" இந்த ஊசியை நான் போடுவதில்லை. தேவைப்படுகிறவர்களை வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பிவிடுவேன். ஆகவே இதை விற்கும் தேவையும் எனக்கில்லை, பழிக்கும் தேவையும் இல்லை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்களைத் தொட்டுப் பார்த்த வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

பொட்டொக்ஸ் எண்டால் முகச் சுருக்கத்துக்குப் போடுற ஊசிதானே? அதுக்கும் என்ர தாடைக்கும் என்ன சம்பந்தம்?

மருந்து ஒன்றுதான். அழகுக்குப் பயன்பட்டது பிறகு வந்த கதை. மாறுகண்ணைச் சரிசெய்ய அலன் ஸ்கொட் என்ற அமெரிக்கக் கண் வைத்தியர் இதைப் பரிசோதித்துப் பார்த்ததில்தான் தொடங்கியது. 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புருவ நடுவில் விழும் கோட்டுக்கு அனுமதி வந்தது 2002இல். அதாவது இது அடிப்படையில் தசைக்கான மருந்து.

இனி, இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துப் பல்லை இறுகக் கடியுங்கள். காதுக்குக் கீழே, கொடுப்புப் பக்கம் ஒரு கட்டி போல எழும்புகிறதல்லவா? அதுதான் மாசிட்டர். கன்ன எலும்பிலிருந்து கீழ்த்தாடையின் மூலை வரைக்கும் வரும் தடித்த தசை. காதுக்கு மேலே தலைப் பக்கம் விரிந்திருப்பது டெம்பொராலிஸ். தாடைக்கு ஊசி என்றால் பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

ஊசி போட்டதும் தசைக்குள்ள என்ன நடக்குது?

தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு நுனியிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளியே வர வேண்டும். அதை வெளியே தள்ள உதவும் புரதங்களில் ஒன்று ஸ்னாப்-25. பொட்டொக்ஸில் இருக்கும் பொட்டுலினம் நச்சின் ஏ வகை நரம்பு நுனிக்குள் புகுந்து அந்தப் புரதத்தை வெட்டிவிடுகிறது. மூளை கட்டளை அனுப்புகிறது, நரம்பு வழியாக நுனி வரை வருகிறது, ஆனால் தசைக்குப் போய்ச் சேர்வதில்லை. எல்லா நுனிகளும் அடைபடாததால் தசை முழுதாகச் செயலிழக்காது, பலம் குறையும். தொடு உணர்வு போகாது. கன்னம் விறைத்துப் போகும் என்று பயப்பட வேண்டாம், அது பல் பிடுங்கப் போடும் ஊசி செய்கிற வேலை.

கன்னத்தில் மின்வாய் ஒட்டித் தசையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற பரிசோதனை ஒன்று உண்டு. ஊசிக்கு முன்னும் பின்னும் ஆளை ஒரே மாதிரி இறுகக் கடிக்கச் சொன்னால், பின்னைய பதிவில் அலைகளின் உயரம் நன்றாகக் குறைந்திருக்கும். கடிக்கும் விசையை அளந்தாலும் அப்படித்தான்.

எத்தினை நாளில தெரியும்? எவ்வளவு காலம் நிக்கும்?

போட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் தளர்வு தொடங்கும், இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் உச்சத்துக்கு வரும். அதன் பிறகு நரம்பு புதிய கிளை நுனிகளை விட்டு, பழைய நுனியையும் சரிசெய்துகொள்ளும். மூன்று, நான்கு மாதத்தில் பலம் பெருமளவு திரும்பிவிடும்.

எனக்கு இந்தப் பல் நெருமுற பிரச்சினை உண்மையா இருக்கோ இல்லையோ எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பக்கத்தில் படுப்பவர் சத்தம் கேட்டிருப்பார், அது முதல் சாட்சி. நான் பார்ப்பது வேறு சில. வேட்டைப் பல்லின் கூர் மழுங்கி மேசை போலத் தட்டையாகி இருக்கும். கன்னத்தின் உட்பக்கம் பல் சேரும் மட்டத்தில் ஒரு வெள்ளைக் கோடு. நாக்கை நீட்டச் சொன்னால் ஓரத்தில் பல்லின் அச்சு வரிசையாகப் பதிந்திருக்கும். சிலருக்குப் பழைய அடைப்பு காரணமில்லாமல் வெடித்திருக்கும். மாசிட்டரை விரலால் அழுத்தினால் ஆள் நெளிவார், "இங்கதான், இது காதுக்குள்ள போகுது" என்பார்.

காது வலி என்று காதுச் சொட்டு மருந்து விட்டுக் களைத்துப் போய் வருகிறவர்களும் உண்டு. காதில் ஒரு குறையும் இராது. விடிய எழும்பும்போது தாடை கனத்து, பொழுதேற ஏற லேசாகிறதென்றால் இரவில் நெருமுகிறீர்கள் என்று சந்தேகிக்கலாம். மாறாக, மாலையில் கூடுகிறதென்றால் பகலில் தெரியாமலே கடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதைப் போட்டால் இரவில பல் நெருமுறது நிண்டுடுமா?

நிற்காது. இதைச் சொன்னதும் முகம் வாடுகிறவர்கள் அதிகம், ஆனால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நித்திரையில் பல் நெருமும் கட்டளை தாடையில் பிறப்பதில்லை. நித்திரை ஒரு கணம் மேலோட்டமாகி, இதயத் துடிப்பு கூடி, அதன் தொடர்ச்சியாக மெல்லும் தசைகள் இயங்கத் தொடங்குகின்றன. இது மூளையின் வேலை. கன்னத்தில் போட்ட ஊசி அங்கே போவதில்லை.

நித்திரை ஆய்வுகூடத்தில் இரவு முழுக்கப் பதிவு செய்து பார்த்த ஆய்வுகளில், ஊசிக்குப் பிறகு நெருமும் தடவைகள் பெரிதாகக் குறையாமல், ஒவ்வொரு தடவையும் தசை காட்டும் பலம் குறைந்திருந்தது தெரிந்தது. ஊசி போட்ட தசையில் தடவைகளும் குறைந்ததாகச் சொன்ன சிறிய ஆய்வும் இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தசைகள் தங்கள் பாட்டில் இயங்கிக்கொண்டிருக்கும். கிணற்று மோட்டரின் சுவிச் போட்டபடிதான் இருக்கிறது, கரண்ட் மட்டும் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப பிறகு என்னத்துக்குப் போடுறது?

விசையைக் குறைப்பதற்கு. பலமாக நெருமிப் பல்லையே பிளக்கிறவர்கள், புதிதாகக் கட்டிய கிரவுணையும் (பல்லின் மேல் போடும் உறை) இம்பிளான்டையும் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) உடைக்கிறவர்கள், தசை வலியில் வாழ்க்கையே கசந்து போனவர்கள், இப்படியானவர்களுக்கு அந்த மூன்று மாத ஓய்வு பெரிய விஷயம். வலியைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்டவர்களை விட வித்தியாசம் காணவில்லை. பல் நெருமுதலுக்கென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தரவில்லை. வைத்தியர் தன் பொறுப்பில், காரணம் சொல்லித்தான் போடுகிறார்.

நேராக ஊசியைப் போடாமல் ஏன் நைட் கார்ட், ஒத்தடம் எண்டு அலைக்கழிக்கிறீங்கள்?

நைட் கார்ட் பல்லுக்கு நடுவே ஒரு தடுப்பு. அதுவும் நெருமுதலை நிறுத்தாது, ஆனால் தேய்வது பிளாஸ்டிக், உங்கள் பல் அல்ல. மூன்று மாதத்துக்கொருமுறை திரும்பப் போட வேண்டிய ஊசியோடு ஒப்பிட்டால் செலவும் குறைவு, கழற்றி வைத்தால் கதை முடிந்தது. ஊசியைக் கழற்ற முடியாது.

பகலில் கடிக்கிறவர்களுக்கு இன்னும் இலகுவான வழி: உதடு மூடியிருக்கட்டும், பல் மேலும் கீழும் தொடாமல் இருக்கட்டும். சாப்பிடும்போது தவிரப் பல்லோடு பல் முட்டவேண்டிய அவசியமே இல்லை. இதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். சூட்டு ஒத்தடம், மெல்லிய பயிற்சி, இரவில் கோப்பியையும் சாராயத்தையும் சிகரெட்டையும் குறைப்பது, குறட்டை இருந்தால் நித்திரையில் மூச்சு நிற்கிறதா என்று பார்ப்பது எல்லாம் செய்து, அதற்கும் கேட்காதவர்களைத்தான் ஊசிக்கு அனுப்புகிறேன்.

மனச்சோர்வுக்குக் குளிசை தொடங்கின பிறகுதான் எனக்கு நெருமல் வந்தது. ஊசி போட்டால் சரிவருமோ?

முதலில் குளிசையைப் பற்றிப் பேசுவோம். செர்ட்ரலின், ஃபுளூஒக்செட்டின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பதைத் தூண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதித் தந்த வைத்தியரிடம் போய் "தாடை இறுகுது" என்று சொல்லுங்கள். அளவை மாற்றியோ மருந்தை மாற்றியோ சரிசெய்ய முடிந்தால் ஊசி எதற்கு?

டின்மீனில் வாற நஞ்சும் இதுவும் ஒண்டெண்டு சொல்லுறாங்கள். உண்மையா?

உண்மை. குளொஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி, காற்றுப் புகாத இடத்தில் சுரக்கும் நச்சு அது. 1895இல் பெல்ஜியத்தில் ஒரு மரணவீட்டுச் சாப்பாட்டில் பரிமாறிய பன்றி இறைச்சி நச்சானதை ஆராய்ந்தபோதுதான் வான் எர்மெங்கம் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். டின் வீங்கியிருந்தால் நாக்கில் வைத்தும் பார்க்காமல் எறியச் சொல்வது இதனால்தான்.

ஆனால் 100 யூனிட் குப்பி ஒன்றில் இருக்கும் நச்சின் எடை சில நானோகிராம்தான். பல் நெருமுதலுக்கு ஒரு பக்க மாசிட்டருக்குப் பொதுவாகப் போடுவது 20 முதல் 30 யூனிட். தசைக்குள் போட்டால் பெரும்பகுதி அங்கேயே நிற்கும். அளவோடு, இடமறிந்து போட்டால் பாதுகாப்பானது என்றே கருதப்படுகிறது. அளவும் இடமும் தவறினால் என்ன என்பதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

ஊசிக்குப் பிறகு கொத்து, கச்சான், மாட்டிறைச்சி எல்லாம் சாப்பிடலாமோ?

சாப்பிடலாம், களைப்பீர்கள். முதல் சில கிழமை இறைச்சியை அரைவாசி மென்றதும் கன்னம் ஓய்வு கேட்கும். விசை குறைவதன் மறுபக்கம் அது. சோறு, புட்டு, மீன்குழம்புக்கு ஒரு குறையும் வராது. கருவாட்டையும் முறுக்கையும் கொஞ்சநாள் தள்ளி வையுங்கள்.

எங்கட உம்மா வெத்திலை போடுறவ. இப்ப வாய் ரெண்டு விரலுக்கு மேல திறக்குதில்ல. இந்த ஊசி போட்டால் தசை இளகுமா?

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மகள் கேட்டது. இதே கேள்வி மூதூரிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வருகிறது. சாதாரணமாக ஒருவருடைய மூன்று விரலை நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே விட முடிய வேண்டும். நீண்டகாலம் பாக்குப் போட்டவர்களுக்கு அது குறைந்தால் பெரும்பாலும் தசையில் பிழை இல்லை. வாயின் உட்தோலே நாராகி இறுகிவிட்டிருக்கும். கன்னத்தின் உட்பக்கம் விரல் விட்டால் கயிறு போலத் தட்டுப்படும், தோல் வெளிறியிருக்கும், உறைப்பு எரியும்.

நார் இந்த மருந்துக்கு இளகாது, ஆகவே இந்த ஊசியால் பிரயோசனமில்லை. முக்கியமான விஷயம் வேறு: இந்த நிலை புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் போட்டாலும் இது வரும். பாக்கை நிறுத்த வேண்டும், இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிப் பல் பகுதியில் காட்ட வேண்டும். உம்மாவைக் கூட்டி வாருங்கள், ஏச மாட்டோம்.

சத்திக்குக் குடுத்த மருந்துக்குப் பிறகு மகளுக்கு வாய் ஒரு பக்கம் கோணி இழுத்துக்கொண்டு நிண்டது. இதுக்குத்தானே பொட்டொக்ஸ்?

இல்லை. மெற்றொக்ளோபிரமைட் போன்ற சத்தி மருந்தால் திடீரென்று வரும் இழுப்பு அது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வேறொரு ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடத்தில் விட்டுவிடும். நாட்கணக்கில் காத்திருந்து வேலை செய்யும் மருந்து அங்கே உதவாது. அந்தச் சத்தி மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள், இனிக் கொடுக்கக் கூடாது.

மாதக்கணக்காகத் தாடை தன் பாட்டில் இழுபடுகிற, வாய் தானாகத் திறந்து மூடுகிற டிஸ்டோனியா என்ற நோய் வேறு. அதற்குப் பொட்டுலினம் ஊசி நன்கு நிலைபெற்ற சிகிச்சை. நரம்பியல் நிபுணர் பார்ப்பார். காலில் ஆணி குத்தி, பிறகு வாய் திறக்க முடியாமல் வந்தால் அது ஏற்புவலியாக இருக்கலாம், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், ஏற்புவலிக் கிருமியும் பொட்டுலினம் கிருமியும் ஒரே குடும்பம். ஒன்றின் நச்சு தசையைத் தளர்த்துகிறது, மற்றது முள்ளந்தண்டுக்குள் போய்த் தசையை இறுகாமல் அடக்கி வைக்கும் நரம்புகளை முடக்குவதால் தாடை பூட்டிக்கொள்கிறது.

என்ர முகம் சதுரமா இருக்கு. கலியாணத்துக்கு முதல் போட்டால் மெலியுமா?

மாசிட்டர் பெருத்ததால் சதுரமென்றால் மெலியும். எலும்பின் அமைப்பே அப்படியென்றால் ஒன்றும் மாறாது. கடித்தும் விட்டும் தொட்டுப் பார்த்தால் எது என்று ஓரளவு தெரியும். வேலை குறைந்த தசை சுருங்கித்தான் முகம் மாறும், அதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் எடுக்கும். கலியாணத்துக்கு முதல் கிழமை ஓடிப் போய்ப் போட்டால் படத்தில் வருவது ஊசி கன்றிய இடம்தான்.

சிரிப்பு ஒரு பக்கம் குறையலாம், ஏனென்றால் சிரிக்கும் தசை மாசிட்டரின் முன் ஓரத்தில்தான் ஓடுகிறது. மருந்து தசையின் ஒரு படலத்துக்கு மட்டும் போனால் கடிக்கும்போது கன்னத்தில் உருண்டை தள்ளும். வயது போனவர்களுக்குத் தாடையோரத் தோல் தொங்கித் தெரியலாம். எல்லாம் நாளடைவில் மாறும், ஆனால் அல்பம் மாறாது.

கொழும்பில போட்டிட்டு இரவுக் கோச்சியில திரும்பலாமா? கன்னியாவில குளிக்கலாமா?

திரும்பலாம். போட்ட இடத்தை அன்றைக்கு உரசி அழுத்தக் கூடாது, நாலு மணித்தியாலமாவது நிமிர்ந்திருக்கச் சொல்வது வழக்கம். கோச்சி சீட்டில் கன்னத்தை ஜன்னலில் அழுத்தி நித்திரை கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக் குளிப்பை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

நான் நிலாவெளியில் டைவிங் கூட்டிக்கொண்டு போறவன். தாடை வலி தாங்கேலாது. ஊசி போட்டால் மவுத்பீஸைக் கடிச்சுப் பிடிக்க ஏலுமா?

நல்ல கேள்வி. மணிக்கணக்காக மவுத்பீஸைக் கடித்துப் பிடிப்பதே இவர்களுக்கு வலியின் காரணம். பலர் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறார்கள். உங்கள் பல்லுக்கு அச்செடுத்த மவுத்பீஸ் பாவித்தாலே பாதி நிம்மதி கிடைக்கும்.

அதற்கும் கேட்காமல் ஊசிதான் என்றால், இந்தக் கரையில் கடல் அமைதியாக இருப்பது சித்திரையிலிருந்து புரட்டாசி வரை. சீசன் முடிந்து வாடைக்காற்று தொடங்கும்போது போடுங்கள். மேலே சொன்ன மூன்று, நான்கு மாதம் கரையிலேயே கழியும். சீசன் நடுவில் போட்டுவிட்டு, பிடி தளர்ந்த தாடையோடு மற்றவர்களின் உயிரையும் பொறுப்பேற்றுக் கீழே இறங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சின்னப் பிள்ளை நித்திரையில பல் நெருமுது. பூச்சி மருந்து குடுக்கவா, ஊசி போடவா?

இரண்டும் இதற்காக வேண்டாம். பூச்சிக்கும் நெருமலுக்கும் உறுதியான தொடர்பு இல்லை. பூச்சி மருந்தை வழமைப்படி கொடுங்கள், அது வேறு கணக்கு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நின்றுவிடும். வாயைத் திறந்து மூச்சு விட்டுக் குறட்டையும் விட்டால் தொண்டையில் டொன்சில் வீங்கியிருக்கிறதா என்று வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஆர் ஆருக்குப் போடக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் தள்ளிப்போடுவதே நல்லது. மயஸ்தீனியா கிரேவிஸ் போன்ற நரம்புத்தசை நோய் உள்ளவர்கள், ஊசி போடும் இடத்தில் புண் அல்லது சீழ் உள்ளவர்கள் கூடாது. ஜென்டமைசின் போன்ற அன்டிபயோட்டிக் ஏறிக்கொண்டிருந்தால் சொல்ல வேண்டும், அது மருந்தின் விளைவைக் கூட்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை போடுகிறவர்களும் சொல்ல வேண்டும்.

பக்கத்து சலூனில் அரை விலைக்குப் போடுறாங்களாம். மருந்து ஒண்டுதானே?

ஒன்றாக இல்லாமலும் இருக்கலாம். இந்த மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டியது. கரண்ட் போய் வருகிற நம் ஊர் வெயிலில், ரெஜிபோம் பெட்டியில் பஸ்ஸில் வந்த குப்பிக்கு யார் உத்தரவாதம்? கலக்கிய மருந்தை நாட்கணக்கில் வைத்துப் போடுகிறார்களா என்பதும் தெரியாது. அப்புறம், ஒரு கம்பனியின் யூனிட் இன்னொரு கம்பனியின் யூனிட்டுக்குச் சமமல்ல. டிஸ்போர்ட் என்ற இன்னொரு கம்பனி மருந்தின் யூனிட் எண்ணிக்கை பொட்டொக்ஸை விட இரண்டரை, மூன்று மடங்கு வரும். பெயர் தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் கேட்டுக்கொள்வது ஆபத்து.

குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவான மருந்தா, போடுகிறவர் இலங்கை மருத்துவப் பேரவையில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். முகம் சுளித்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

முதல் ரெண்டு தரம் நல்லா வேலை செய்தது. இப்ப போட்டும் ஒண்டும் தெரியேல்ல. ஏன்?

மருந்தின் தரமும் போட்ட இடமும் முதல் சந்தேகம். அடுத்தது, உடம்பு இந்தப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கியிருக்கலாம். அடிக்கடி, அதிக அளவில் போடுகிறவர்களுக்கு அந்த வாய்ப்புக் கூடும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு முன் "கொஞ்சம் டச்சப்" என்று போடக் கூடாது என்கிறோம்.

வருடக்கணக்காகப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். எலும்பு தன்மேல் விழும் பாரத்தைப் பொறுத்தே உறுதியாக இருக்கும். முயலிலும் எலியிலும் செய்த பரிசோதனைகளில் மெல்லும் தசை தளர்ந்தபோது தாடை மூட்டு எலும்பு மெலிந்தது. மனிதரில் வந்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. எனக்கென்னவோ, மாதவிடாய் நின்று எலும்பு தேயத் தொடங்கும் வயதுப் பெண்களுக்கு இதை வருடா வருடம் போடுவதில் தயக்கம் உண்டு.

போட்ட பிறகு என்னத்தைக் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்?

ஊசி ஏறிய இடத்தில் கன்றல், ஓரிரு நாள் தலையிடி, மெல்லும்போது களைப்பு, இவற்றுக்கு ஓட வேண்டாம். விழுங்கத் தண்ணீர் புரைக்கேறுவது, பேச்சு குழறுவது, கண்ணிமை தொங்குவது, இரண்டாகத் தெரிவது, கழுத்து நிமிராமை, மூச்சு முட்டுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. மருந்து வேறு தசைகளுக்குப் பரவியதன் அடையாளமாக இருக்கலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2009இல் இந்த எச்சரிக்கையைக் கட்டமிட்டு அச்சிடச் சொன்னது. சில மணித்தியாலத்திலும் வரலாம், சில கிழமை கழித்தும் வரலாம்.

1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும். எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தத் தேதி, எங்கே போட்டது என்ற துண்டைக் கையோடு கொண்டு போங்கள். அந்தத் துண்டைப் போட்ட அன்றைக்கே கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும்.